நான் கழித்து எழுதிய ஐந்து சென்டிமீட்டர்

வானத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என் மகனுக்கு,

வருகிற புதன்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். ஓமன் நாட்டுத் துறைமுகத்தில் இங்கே இருப்பதைவிடப் பெரிய கிரேன் உனக்குத் தரப்போகிறார்களாம். உன் அப்பா உன் சூட்கேஸை நேற்றிலிருந்து மூன்று முறை கையால் தூக்கிப் பார்த்து, "இருபத்திமூணு கிலோ, தாண்டாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. வீட்டில் எடை என்று பேச்சு வந்தாலே முன்னால் வந்து நிற்கிறவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ பாதியிலேயே "விடும்மா" என்பாய். இது விடக்கூடிய விஷயம் இல்லை. இதன் நகல் ஒன்றை எங்கள் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நான் செய்த தப்பு ரகசியமாக நடக்கவில்லை. கையெழுத்தோடும் தேதியோடும் பல வருஷம் நடந்தது. ஆகவே அதை ஒப்புக்கொள்வதும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சூளகிரிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் கிரானைட் தொழிற்சாலையில் பாலிஷ் போட்ட கல்லைத் துணியால் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தவள் நான். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. என்னைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் ராகி அறுத்தார்கள். நிலத்துக்காரர்கள் கூலிக்கு ராகி அளக்கும்போது படியின் மேலே கையை வைத்து வழித்துவிடுவார்கள். அந்தக் கை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். கேட்டால் அடிதான் விழும். அளக்கிறவர் சொன்னதுதான் அளவு என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஒருநாள் அளவெடுக்கிற ஆள் வேலைக்கு வராமல் போய், டேப்பை என் கையில் திணித்தபோது நான் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. புள்ளி வைத்த தசமக் கணக்கை டைல்ஸ் பெட்டிகளின் மேல் அச்சிட்ட அளவுகளைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஒரு சதுர மீட்டர் கறுப்புக் கல் எத்தனை கிலோ என்று புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. உடைந்த துண்டு ஒன்றைச் சதுரமாக அறுக்கச் சொல்லி, காய்கறிக்கடைத் தராசில் வைத்துக் கண்டுபிடித்தேன். அந்த எண் இன்றுவரை சரி. இதை இங்கே வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தப்பை ஒப்புக்கொள்கிறவள் சரியாகச் செய்ததையும் சேர்த்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

கல்லை அளப்பதில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அலவன்ஸ் என்போம். அறுத்து வந்த ஸ்லாப்பின், அதாவது பெரிய கல் பலகையின், ஓரம் ஒழுங்காக இருக்காது. பல் உடைந்திருக்கும், கோணியிருக்கும். வாங்குகிறவர் அந்த ஓரத்துக்குப் பணம் தரமாட்டார். அதனால் நீளத்தில் ஐந்து சென்டிமீட்டரும் அகலத்தில் ஐந்து சென்டிமீட்டரும் கழித்துத்தான் பட்டியலில் எழுத வேண்டும். புதியவர்கள் டேப் காட்டுவதை முதலில் எழுதி, பக்கத்தில் கழித்ததை எழுதுவார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. டேப்பைப் பார்க்கும்போதே என் கண் ஐந்தைக் கழித்துவிடும். இருநூற்று எண்பத்தைந்து என்று டேப் சொன்னால் என் வாய் இருநூற்று எண்பது என்று சொல்லும். ஒரு ஸ்லாப்புக்கு ஒரு மூச்சு. லாரி ஓட்டுநர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். நீ சின்ன வயதில் நம் வீட்டுக் கதவை அளந்து, "அம்மா, நம்ம கதவு அஞ்சு சென்டிமீட்டர் வளந்திருச்சு" என்று ஓடிவந்ததும் அதனால்தான். நான் உனக்குச் சொல்லிவைத்திருந்ததே கழித்த அளவு. அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. கப்பலில் ஏறப்போகும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும், உள்ளே இருக்கும் சரக்கு, முட்டுக்கொடுத்த மரம், காலிப் பெட்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ என்று அனுப்புகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாத பெட்டியைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் கல் அனுப்பியவர்களை நம்பாமல் இப்போது எழுதி வாங்குகிறார்களே என்று கோபம். எங்கள் நிர்வாகம் அந்தச் சீட்டை என் மேஜையில் வைத்தது. மேற்பார்வையாளர் என்ற பதவி முதலாளியின் அண்ணன் மகனுக்கு, பொறுப்பு எனக்கு. அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். ஆனாலும் எழுதினேன். லாரியோடு ஏற்றி எடை பார்க்கும் எடைமேடை தூரம், வரிசை நீளம், கணக்குப் போட்டாலே போதும் என்றார்கள். கணக்குத்தானே, எனக்கு எதற்கு மேடை என்று நினைத்தேன். பட்டியலில் இருந்த சதுர மீட்டரை எடுத்தேன், என் காய்கறித் தராசு எண்ணால் பெருக்கினேன், மரத்தின் எடையைக் கூட்டினேன், கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டியின் எடையைக் கூட்டினேன், கையெழுத்துப் போட்டேன்.

நீ துறைமுகத்தில் கிரேன் வேலைக்குச் சேர்ந்த பிறகு நமக்குள் ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. பெட்டிக்கு சீல் போட்டதும் கதவையும் சீட்டையும் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். எப்போதாவது நான் அனுப்பிய பெட்டி உன் கிரேனில் வரும் என்று ஒரு நினைப்பு. ஆயிரக்கணக்கில் வருகிற இடத்தில் அது எங்கே நடக்கப்போகிறது என்று உன் அப்பா கேலி செய்வார். ஒருநாள் நடந்தது. நீ கூப்பிட்ட குரலே மாறியிருந்தது.

"அம்மா, உன் பொட்டி ஒண்ணு இன்னிக்கு என் கைக்கு வந்துச்சும்மா!"

"நெஜமாவாடா கண்ணு?"

"சத்தியமா. நம்பரைப் பார்த்ததும் கையெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அம்மா, நீ சீட்டுல இருபத்தஞ்சு டன் அறுநூறுன்னு போட்டிருக்க. என் ஸ்கிரீன்ல இருபத்தாறு எழுநூறு காட்டுச்சு."

"உன் கிரேன் தப்பு."

"போன வாரந்தான் செக் பண்ணாங்கம்மா."

"செக் பண்ணவன் யாரு? அவன் ஒருநாளாவது கல்லைத் தொட்டிருக்கானா?"

நீ சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு இரண்டு வாரம் உன் அழைப்பை எடுக்கவில்லை. ஆயிரத்து நூறு கிலோ! எதிர்வீட்டு ஆசிரியரின் காரை ஏற்றி மறைத்துவைத்தாலும் அவ்வளவு வராது. இத்தனை வருஷம் டேப் பிடித்தவளைப் பார்த்து, நேற்றுக் கிரேன் ஏறிய பிள்ளை ஒரு காரைக் காணோம் என்று சொல்கிறான்!

அந்த நேரத்தில்தான் உங்கள் துறைமுகத்தில் பணியாளர் குடும்பங்களை அழைத்துச் சுற்றிக்காட்டும் நாள் வந்தது. நான் ஆசையாகக் கிளம்பினேன் என்று நீ நினைத்தாய். இல்லை. சண்டைக்குக் கிளம்பினேன். கைப்பையில் மாற்றுப் புடவைக்கு அடியில் என் அளவு நோட்டு இருந்தது. கொண்டைக்கு மேலே மஞ்சள் ஹெல்மெட், புடவைக்கு மேலே ஆரஞ்சுச் சட்டை. உன் அப்பா கடலைப் பொட்டலத்தோடு வந்தார். பேருந்து நின்றதும் எல்லாரும் "கப்பல், கப்பல்" என்றார்கள். நான் தேடினேன். எங்கே என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. சாலையின் முடிவில் ஒரு பெரிய நீலச் சுவர் இருந்தது, அவ்வளவுதான். பிறகு அந்தச் சுவரின் அடியில் தண்ணீர் அசைவதைப் பார்த்தேன். நான் தேடிக்கொண்டிருந்தது அந்தச் சுவர்தான். உன் அப்பா கடலை மெல்வதை நிறுத்திவிட்டு, "இவ்ளோ பெரிச எவன்டி தள்ளுவான்?" என்றார். தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் அது எத்தனை முறை நடந்திருக்கும் என்று அவரையே கேள்.

அண்ணாந்து பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் குனிந்து கீழே பார்த்தபடி நீ. காலுக்கடியிலும் கண்ணாடிதான் என்று நீ சொல்லியிருந்தாய், நான் நம்பியிருக்கவில்லை. உன் அறை கடலை நோக்கி ஓடியது, கூடவே கயிறுகளில் தொங்கிக்கொண்டு ஒரு பெட்டி போனது. எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பெட்டியை நிரப்ப ஒரு நாள் முழுக்க ஏழெட்டுப் பேர் மூச்சுத் திணறுவோம். ஒவ்வொரு ஸ்லாப்பும் ஒரு ஆளைக் கொல்லக்கூடியது. அப்படிப்பட்ட கல் நிறைந்த பெட்டி காற்றில் போகிறது, ஆடக்கூட இல்லை, கப்பலின் வயிற்றுக்குள் விரல் நுழையாத இடைவெளியில் மெதுவாக இறங்குகிறது. அதை இறக்குவது, கதவு வளர்ந்துவிட்டது என்று என்னிடம் ஓடிவந்தவன். நான் அழவில்லை. உன் அப்பா அழுதார், கடலை உறைத்துவிட்டது என்று சொன்னார்.

அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரி பொறுமையான மனிதர். அவர் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது. "இந்தக் கப்பல்ல எந்தப் பெட்டி எங்க உட்காரணும்கறது, பெட்டி வர்றதுக்கு முன்னாடியே முடிவாயிடும். கனமானது அடியில, லேசானது மேல. அந்தப் பக்கம் எவ்வளவோ இந்தப் பக்கமும் அவ்வளவு."

"தூக்கிப் பாத்து முடிவு பண்றீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அனுப்பறவங்க எழுதிக் குடுக்கற எண்ணைப் பாத்துத்தான்."

"வெறும் எண்ணை வெச்சா?"

"வெறும் எண்ணுன்னு சொல்லாதீங்க. நடுக்கடல்ல இந்தக் கப்பல் நேரா நிக்கறது அந்த எண்ணை நம்பித்தான்."

சூளகிரியில் மின்விசிறி ஓடாத அறையில், டீ டம்ளரைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு நான் எழுதும் எண்ணை நம்பி அந்தச் சுவர் கடலில் நிற்கிறது. என்றாலும் வந்த வேலையை விடுகிறவளா நான்? நோட்டை எடுத்து விரித்தேன். "எம்புள்ள ஒரு டன்னு தப்புங்கறான். நான் உங்க மிஷினு தப்புங்கறேன். எப்பிடின்னு கேளுங்க. டேப்பை வெப்பேன். இருநூத்தி எண்பத்தஞ்சு வருதா, அஞ்சைக் கழிச்சு இருநூத்தி எண்பது. அகலத்துலயும் அதே மாதிரி அஞ்சைக் கழிச்சு..."

அதோடு நின்றுவிட்டேன்.

"சொல்லுங்கம்மா," என்றார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

கழித்த அந்த ஐந்து சென்டிமீட்டரை யாரும் அறுத்துப் போடவில்லை. அது கல்லிலேயே இருக்கிறது. ஸ்லாப்போடு சேர்ந்து பெட்டிக்குள் ஏறுகிறது, கடல் கடக்கிறது. யாரும் பணம் தராத கல்லுக்கும் கனம் உண்டு. விலைக்காகக் கழித்த அளவை எடுத்து எடைக்குப் பெருக்கியிருக்கிறேன். டேப் காட்டியதை எங்கேயாவது எழுதிவைத்திருந்தால் ஒருநாள் கண்ணில் பட்டிருக்கும். என் கெட்டிக்காரத்தனம் அதை எழுதவே விடவில்லை. ஒரு ஸ்லாப்புக்கு இரண்டு விரல் ஓரம். ஒரு பெட்டிக்கு ஒரு கார். அத்தனை வருஷத்துப் பெட்டிகளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தேன், முடிக்கவில்லை. நான் எதையும் முடிக்காமல் எழுந்தது அது ஒன்றுதான்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உன் ஷிஃப்ட் முடிந்து, கிரேனிலிருந்து இறங்கி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு எங்களை வழியனுப்பப் பேருந்துக்கு வந்தாய். நான் பேசாமல் இருந்தேன். கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்தாய். "அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடு. மிஷின்லதான் ஏதோ கோளாறு இருந்திருக்கும். நீ போடற கணக்கு தப்பாவா போகும்?" என்றாய். உன் கையில் எண்ணெய் வாடை அடித்தது. தப்பு என்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "அப்பிடி வா வழிக்கு" என்றேன். நீயும் நிம்மதியாகச் சிரித்தாய். சரியாகப் பார்த்தவன் மன்னிப்புக் கேட்டான், தப்பாக எழுதியவள் அதை வாங்கி முடிந்துகொண்டு ஊருக்கு வந்தாள்.

ஊருக்கு வந்ததும் செய்ததைச் சொல்கிறேன். அது தப்புக்கு ஈடாகும் என்று சொல்லவில்லை, நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்த எங்கள் பெட்டிகள் மூன்றுக்கு எடையைத் திருத்தி அனுப்பவைத்தேன். முதலாளியிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். இனி பெட்டி எடைமேடை ஏறாமல் வாசல் தாண்டாது என்றும் சொன்னேன். அவர் தெலுங்கும் தமிழுமாக, "ஏமம்மா, இத்தனை வருசம் இப்பிடித்தானே போச்சு? எந்தக் கப்பலு முழுகிச்சு?" என்றார்.

"முழுகலீங்க. முழுகறதுக்கு முன்னாடி நிறுத்திக்கலாம்னு பாக்கறேன்."

"உனக்குக் கஷ்டமா இருந்தா கையெழுத்தை எங்க அண்ணன் பையன் போடட்டும்."

"போடட்டுங்க. சீல் எங்கிட்ட இருக்கு."

கதவில் போடும் அந்த இரும்பு சீல் இல்லாமல் பெட்டி நகர முடியாது. அதை இடுப்பில் சுருக்குப்பையில் செருகிக்கொண்டு, நாற்காலியை இழுத்து டிரெய்லருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் மகன் வந்து மிரட்டினான். கெஞ்சினான். கன்னடக்கார ஓட்டுநர், "ஏனக்கா இது, கப்பலு போயிடும் அக்கா" என்று சுற்றிச்சுற்றி வந்தார். "போனா அடுத்த கப்பல்ல போகட்டும்ப்பா" என்றேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் முதலாளியே வெளியே வந்து, "எடைமேடைக்குப் போயிட்டு வரட்டும், அந்தம்மாவை எழுந்திருக்கச் சொல்லுங்க" என்றார். நான் எழுந்தது டிரெய்லரில் ஏறிக்கொள்ளத்தான்.

எடைமேடையில் ஓட்டுநரையும் இறங்கச் சொன்னேன். "நான் அறுபது கிலோதான் அக்கா" என்றார். "அறுபது கிலோ கல்லை உன் தலையில வெக்கட்டுமா?" என்றேன். இறங்கிவிட்டார். வண்டியைக் காலியாக நிறுத்தி முன்பே எடுத்திருந்த எடையைக் கழித்தோம். இந்த முறை கழிக்க வேண்டியதைத்தான் கழித்தேன். பிறகு கழிக்காத அளவை வைத்து நான் போட்டுப்பார்த்த கணக்கோடு ஒப்பிட்டேன். நாற்பது கிலோதான் வித்தியாசம். மர முட்டுகள் மழையில் நனைந்திருந்தன, அது அந்த ஈரம் என்று இன்றும் சொல்கிறேன். அன்றிலிருந்து எல்லாப் பெட்டியும் மேடை ஏறுகிறது. அளவுக்கார அம்மா என்றவர்கள் இப்போது சீல் அம்மா என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு ஏதோவும் சொல்கிறார்கள், எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

ஆனால் கடலில் போய்விட்ட பெட்டிகளைத் திருப்பி அழைக்க முடியாது. அவை போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தக் கற்களின் மேல் எங்கேயோ யாரோ காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பார்கள். நான் எழுதியதைவிடக் கனமான பெட்டிகளைச் சுமந்துகொண்டு, நான் பெயர் அறியாத மாலுமிகளோடு, அந்தக் கப்பல்கள் நிமிர்ந்தே போயிருக்கின்றன. நான் பார்த்த அந்தச் சுவரை நினைத்தால் எனக்குப் பயத்தைவிட மலைப்புத்தான் அதிகம். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் எழுதிய எண்களை நம்பி ஒரு ஊரே தண்ணீரில் கிளம்புகிறது. அதில் என் எண் ஒன்று. அவ்வளவு பெரிய நம்பிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, கோயிலில்கூட.

அதனால்தான் உன்னைப் பற்றிப் பயப்படுகிறேன். வெயிலைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ அல்ல. கழிப்பறைக்கு இறங்கி ஏறச் சோம்பல்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்காதே, அது வேறு. என் பயம், அந்தப் பேருந்துக்குப் பக்கத்தில் என்னிடமிருந்து நீ தப்பான பாடம் ஒன்றைக் கற்றுக்கொண்டு போகிறாய் என்பது. உன் கண் பார்த்த எண்ணும், நீ மதிக்கிறவர் சொன்ன எண்ணும் வேறுவேறாக இருந்தால், மரியாதைக்காக உன் கண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்று நான் உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அங்கே உனக்கும் ஒரு மேலதிகாரி இருப்பார், வயதில் மூத்தவராக இருப்பார், இருபது வருஷமாக இப்படித்தான் என்பார். கயிற்றின் கீழே ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அன்றைக்கு உனக்கு என் முகம் நினைவுக்கு வந்து நீ "மிஷின்தான் தப்பு போல" என்று சொல்லிவிட்டால், அதற்கும் கீழே இருப்பது என் கையெழுத்துத்தான்.

ஆகவே நீ கேட்ட மன்னிப்பை இந்தக் கடிதத்தோடு திருப்பித் தருகிறேன். அது எனக்குச் சேர வேண்டியது இல்லை. கேட்க வேண்டியவள் நான். கேட்டுவிட்டேன், இரண்டாம் முறை கேட்கமாட்டேன்.

இன்று காலை ஒரு பெட்டி கிளம்பியது. கதவையும் எடைமேடைச் சீட்டையும் படம் எடுத்து வழக்கம்போல உனக்கு அனுப்பியிருக்கிறேன். அது போகும் கப்பல் உன் புதிய துறைமுகத்தில் நிற்குமாம், பெட்டியை அங்கே வேறு கப்பலுக்கு மாற்றுவார்களாம். ஒருமுறை நடந்தது இன்னொரு முறையும் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் கிரேனில் அது ஏறினால் முதலில் ஸ்கிரீனைப் பார். எண் மாறியிருந்தால், என் பெட்டி என்று பார்க்காதே, எனக்குப் போன் செய்து கேட்காதே. முதலில் பெட்டியைக் கீழே இறக்கி வை. ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல். அதற்கு அப்புறம் என்னைக் கூப்பிடு. உன் கிரேன்தான் தப்பு என்று சொல்லத்தான் போகிறேன், நீ இறக்கிவைத்ததை மட்டும் மறுபடியும் தூக்கிவிடாதே.

அம்மா